குரல் கேட்டுத் தீர்ப்பு எழுதலாமா?

மக்களவையில் ஒரு மசோதா மீதான விவாதம் முடிந்ததும் அவைத் தலைவர் அதனை வாக்கெடுப்புக்கு விடுகிறார். ஆதரிப்போர் 'ஆம்' என்றும் எதிர்ப்போர் 'இல்லை' என்றும் குரல் எழுப்புகின்றனர். எந்தப் பக்கத்துக் குரல் ஓங்கியிருக்கிறது என்பதைத் தம் செவியால் அளந்து, 'ஆம் என்போரே அதிகம் என்று கருதுகிறேன்' என அவர் அறிவிக்கிறார். 'கருதுகிறேன்' என்ற சொல்தான் இதில் முக்கியமானது. அந்தக் கருத்தை ஓர் உறுப்பினர் மறுத்துவிட்டால், மக்களவை நடைமுறை விதி 367-இன்படி எண்ணிப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

குரலைக் கேட்டு எட்டப்படும் முடிவு தாற்காலிகமானது, மறுக்கத்தக்கது, மறுக்கப்பட்டால் மெய்ப்பிக்கப்பட வேண்டியது என்பதே இந்த விதியின் உட்பொருள். நாடாளுமன்றம் தனக்கு வகுத்துக்கொண்ட இந்தப் பாதுகாப்பு, நாடாளுமன்றத்தைத் தேர்ந்தெடுத்த குடிமக்களுக்கும் தேவைப்படும் காலம் வந்துவிட்டது. தொலைபேசியில் பேசுபவர் கோபமாக இருக்கிறாரா, அஞ்சுகிறாரா, துயருற்றிருக்கிறாரா என்பதை அவரது குரலையும், அந்தக் குரலிலிருந்து கணினி தானாகவே எழுதிக்கொள்ளும் சொற்களையும் சேர்த்து ஆராய்ந்து அறிவிக்கும் மென்பொருள்கள் பெருகிவிட்டன. அந்த அறிவிப்பை மறுக்கும் உரிமை யாருக்கு இருக்கிறது என்ற கேள்விக்கு இந்தியச் சட்டங்களில் தெளிவான விடை இல்லை.

இந்தத் தொழில்நுட்பம் இரண்டு வழிகளில் செயல்படுகிறது. முதல் வழி ஒலி. குரலின் சுருதி ஏறுகிறதா இறங்குகிறதா, ஓசை எவ்வளவு வலுவானது, பேச்சின் வேகம் என்ன, இடையில் விழும் மௌனம் எவ்வளவு நீளம் என்பனவற்றைக் கணினி அளக்கிறது. இரண்டாவது வழி எழுத்து. பேச்சை எழுத்தாக்கும் மென்பொருள் தரும் வாசகத்தில் புகழ்ச்சி, வசை, புலம்பல் போன்ற சொற்களைத் தேடி அது எடை போடுகிறது.

இரண்டும் ஏன் தேவைப்படுகின்றன? ஒலியை மட்டும் கேட்கும் கணினி, ஒருவர் கொதித்துப் போயிருக்கிறாரா அமைதியாக இருக்கிறாரா என்பதை ஓரளவு நன்றாகவே கண்டுகொள்ளும். ஆனால், அந்தக் கொதிப்பு மகிழ்ச்சியால் வந்ததா, சினத்தால் வந்ததா என்பதில் தடுமாறும். இரண்டிலுமே குரல் உயர்கிறது, வேகம் கூடுகிறது. அங்கே சொற்கள் துணைக்கு வருகின்றன. சொற்களை மட்டும் படிக்கும் கணினியோ, 'ரொம்ப நல்ல காரியம் செய்தீர்கள்' என்ற வாசகத்தைப் பாராட்டு என்றே எடுத்துக்கொள்ளும். அது வஞ்சப் புகழ்ச்சி என்பதைக் காட்டிக்கொடுப்பது தொனிதான். எனவே ஒன்றின் குறையை மற்றொன்றால் நிரப்பலாம் என்ற எண்ணத்தில் ஆய்வாளர்கள் இரண்டையும் இணைத்தனர். இணைத்தால் கணிப்பு மேம்படுகிறது என்பதை ஆய்வுகள் பலமுறை காட்டியுள்ளன. அதில் ஐயமில்லை.

ஐயம் எழுவது, கணினிக்குப் பாடம் சொல்லித் தந்தது யார் என்று பார்க்கும்போதுதான். உலகெங்கும் இந்தத் துறையில் அதிகம் பயன்படுத்தப்படும் தொகுப்புகளுள் ஒன்றை 2008-இல் வெளியிட்டது அமெரிக்காவின் தென் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில், சென்னை கிண்டி பொறியியல் கல்லூரியில் பயின்ற ஸ்ரீகாந்த் நாராயணன் தலைமையில் இயங்கும் ஆய்வகம். பத்து நடிகர்கள் நடித்துக் காட்டிய சுமார் 12 மணி நேர உரையாடல்கள் அதில் உள்ளன. ஜெர்மனியின் பெர்லின் தொகுப்பிலும் பேசியவர்கள் பத்து நடிகர்களே. இந்தியாவில் கரக்பூர் ஐஐடி 2009-இல் வெளியிட்ட தெலுங்குத் தொகுப்புக்கு விஜயவாடா அகில இந்திய வானொலிக் கலைஞர்கள் பத்துப் பேர், 15 வாக்கியங்களை எட்டு உணர்ச்சிகளில் பத்து அமர்வுகளில் பேசினர். 12,000 ஒலித்துண்டுகள் அப்படிக் கிடைத்தன. எள்ளலையும் ஓர் உணர்ச்சியாக அதில் சேர்த்திருந்தது பாராட்டத்தக்கது.

ஆராய்ச்சிக்கு இவை அரிய முயற்சிகள். ஆனால், வானொலி நாடகத்தில் கோபப்படும் கலைஞரின் குரலும், மூன்று மாதங்களாக ஓய்வூதியம் வராமல் அலுவலகத்தைத் தொலைபேசியில் அழைக்கும் முதியவரின் குரலும் ஒன்றல்ல. கலைஞர் கேட்பவருக்குப் புரியும்படி கோபப்படுகிறார். முதியவரோ தம் கோபத்தை அடக்கிக்கொண்டு, 'ஐயா, கொஞ்சம் பாருங்கள்' என்று தணிந்த குரலில் கேட்கிறார். மேலும், அந்த அமெரிக்கத் தொகுப்பில் நடிப்பையே மூவர் கேட்டு என்ன உணர்ச்சி என்று குறித்தபோதும், ஏறத்தாழ கால் பங்கு பேச்சுகளில் பெரும்பான்மைக் கருத்து உருவாகவில்லை. மனிதச் செவிகளே உடன்படாத இடத்தில், கணினி ஒரே விடையை விழுக்காட்டுடன் அச்சிட்டுத் தருகிறது.

எழுத்துப் பக்கத்திலும் சிக்கல் உண்டு. ஐந்து பெரிய அமெரிக்க நிறுவனங்களின் பேச்சறி மென்பொருள்களை ஆராய்ந்து 2020-இல் வெளியான ஓர் ஆய்வு, வெள்ளையர் பேசிய நூறு சொற்களில் சராசரியாக 19 சொற்களையும், கறுப்பினத்தவர் பேசிய நூறு சொற்களில் 35 சொற்களையும் அவை தவறாக எழுதின என்று கண்டது. இருவரும் பேசியது ஆங்கிலமே. 6,80,000 மணி நேரப் பேச்சைக் கொண்டு பயிற்றுவிக்கப்பட்டு 2022-இல் வெளிவந்த 'விஸ்பர்' மென்பொருள், ஏறத்தாழ நூற்றில் ஓர் ஒலித்துண்டில் யாரும் பேசாத வாசகங்களைத் தானாகவே எழுதிச் சேர்த்ததை 2024-இல் வெளியான இன்னோர் ஆய்வு கண்டறிந்தது. அப்படிச் சேர்த்தவற்றில் 38 சதவீதம், வன்முறை போன்ற தீங்கான பொருள் தருபவை. பேச்சில் நீண்ட மௌனம் விழும் இடங்களில் இந்தப் பிழை மிகுகிறது. துயரத்தில் இருப்பவரே பேச்சின் நடுவில் நெடுநேரம் மௌனமாகிறார் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

இந்திய மொழிகளுக்கு இந்த நிலை மேலும் கடினமானது. சென்னை ஐஐடியின் 'ஏஐ4பாரத்' குழு 22 மொழிகளில், 145 மாவட்டங்களைச் சேர்ந்த 16,237 பேரின் பேச்சை 7,348 மணி நேரத்துக்குப் பதிவு செய்து 2024-இல் வெளியிட்டது. பெருமைப்படத்தக்க பணி இது. ஆங்கிலத்துக்குக் கிடைத்துள்ள பயிற்சியோடு ஒப்பிட்டால் இது எவ்வளவு சிறிய தொடக்கம் என்பதும் விளங்கும். சொற்கள் சரியாக எழுதப்படுமா என்பதே உறுதியாகாத நிலையில், அந்தச் சொற்களை வைத்து உணர்ச்சியைக் கணிப்பது பிழையின் மீது பிழையை அடுக்குவதாகவே முடியும். உணர்ச்சி மிகும்போது சொற்கள் குழறுகின்றன, தாய்மொழியின் வட்டார வழக்கு மேலெழுகிறது. கணிப்பு மிகவும் தேவைப்படும் நேரத்திலேயே கருவி அதிகம் தடுமாறுகிறது.

பேச்சுக்கும் பதிவுக்கும் உள்ள இடைவெளியை நாடாளுமன்றத்தைவிட நன்றாக அறிந்த அமைப்பு வேறில்லை. அரைமணி நேர அமளி, அவைக் குறிப்பில் 'குறுக்கீடுகள்' என்ற ஒற்றைச் சொல்லாகச் சுருங்கிவிடுகிறது. 2022 ஜூலையில் நாடாளுமன்றத்துக்குப் பொருந்தாத சொற்களின் தொகுப்பு சர்ச்சையானபோது, எந்தச் சொல்லும் தடை செய்யப்படவில்லை, சூழலைப் பார்த்தே நீக்கப்படுகிறது என்று மக்களவைத் தலைவர் ஓம் பிர்லா விளக்கமளித்தார். ஒரே சொல் ஒரு சூழலில் கண்ணியமானது, மற்றொரு சூழலில் அவமதிப்பு என்பதே அந்த விளக்கத்தின் சாரம். 543 உறுப்பினர்களின் பேச்சுக்குச் சூழல் வேண்டுமென்றால், 140 கோடி மக்களின் பேச்சுக்கு அது வேண்டாமா?

அவை நடவடிக்கைகளைச் செயற்கை நுண்ணறிவின் துணையுடன் எழுத்தாக்கவும் மொழிபெயர்க்கவும் 'சன்சத் பாஷிணி' திட்டத்துக்கு 2025 மார்ச்சில் உடன்பாடு கையெழுத்தானது. உச்சநீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்விலும் 2023 பிப்ரவரி முதல் வாதங்கள் கணினி வழியே எழுத்தாக்கப்படுகின்றன. இவை வரவேற்கத்தக்கவை. இந்த இரு இடங்களிலும் பிழையைச் சுட்டிக்காட்டித் திருத்தம் கோர, பேசியவருக்கு வாய்ப்பும் செல்வாக்கும் இருக்கின்றன. சாமானியரின் நிலை அதுவல்ல.

கால் சென்டர் எனப்படும் அழைப்பு மையங்களைப் பார்க்கலாம். குருகிராமிலும் நொய்டாவிலும் பெங்களூரிலும் சென்னையிலும் லட்சக்கணக்கான இளைஞர்களுக்கு வாழ்வளிக்கும் தொழில் அது. அழைப்பவரின் மனநிலையைக் கணிப்பதோடு, பதிலளிக்கும் ஊழியரின் குரலில் கனிவு இருந்ததா, சலிப்பு தெரிந்ததா என்று மதிப்பெண் இடும் மென்பொருள்களும் இத்துறைக்கென விற்கப்படுகின்றன. ஜப்பானின் சாஃப்ட்பேங்க் நிறுவனமோ, கோபமாகப் பேசும் வாடிக்கையாளரின் குரலைத் தணித்து ஊழியரின் காதில் விழச் செய்யும் தொழில்நுட்பத்தை உருவாக்கி வருவதாக 2024-இல் அறிவித்தது. ஊழியருக்கு அது ஆறுதல் அளிக்கலாம். ஆனால், ஊழியரின் குரலுக்கே மதிப்பெண் போட்டு ஊதியத்தையும் பதவி உயர்வையும் அதனுடன் பிணைத்தால், இரவுப் பணியில் தொண்டை கட்டிய ஒருவர் 'கனிவற்றவர்' ஆகிவிடுவார். வேலை போய்விடும் என்ற அச்சத்தில் இருப்பவர் அளிக்கும் ஒப்புதலை ஒப்புதல் என்று கொள்ளவும் முடியாது.

சட்டம் அந்த ஒப்புதலைக்கூடக் கட்டாயமாக்கவில்லை. 2023-ஆம் ஆண்டின் எண்ம தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 7-ஆவது பிரிவு, பணி தொடர்பான நோக்கங்களுக்கும், முதலாளியை இழப்பிலிருந்து காப்பதற்கும் ஊழியரின் தரவை ஒப்புதலின்றியே கையாள இடமளிக்கிறது. 17-ஆவது பிரிவு, மத்திய அரசு அறிவிக்கும் அரசு அமைப்புகளுக்கு, நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு போன்ற காரணங்களின் பேரில் விலக்கு அளிக்க வகை செய்கிறது. முன்னதாக நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா குழு 2018-இல் அளித்த வரைவில், உடல்நலம், உடல்சார் அடையாளங்கள் போன்றவை 'கூருணர்வுத் தரவு' எனத் தனியே வகைப்படுத்தப்பட்டுக் கூடுதல் பாதுகாப்புப் பெற்றிருந்தன. நிறைவேறிய சட்டத்தில் அந்த வகைப்பாடே இல்லை. மக்களவையிலும் மாநிலங்களவையிலும் 2023 ஆகஸ்டில் இச்சட்டம் குரல் வாக்கெடுப்பிலேயே நிறைவேறியது. இதற்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியானபோதும், முக்கியக் கடமைகளுக்கு 18 மாத அவகாசம் தரப்பட்டது.

காவல் துறையின் கைக்கு இக்கருவி போனால் விளைவு இன்னும் கடுமையாக இருக்கும். பெண்களின் முகத்தில் தெரியும் துன்பக் குறிகளைக் கண்டு எச்சரிக்கும் கேமராக்களை 200 இடங்களில் நிறுவப் போவதாக லக்னௌ காவல் துறை 2021-இல் அறிவித்து விமர்சனத்துக்கு உள்ளானது. பிரிட்டனில் அரசு உதவித்தொகை கோருவோர் பொய் சொல்கிறார்களா என்பதைத் தொலைபேசிக் குரலின் பதற்றத்தைக் கொண்டு அறியும் சோதனை 2007-இல் தொடங்கப்பட்டது. போதிய பலன் தராததால் 2010-இல் அது கைவிடப்பட்டது. பதற்றமாகப் பேசுவோரெல்லாம் பொய்யர் அல்லர், உதவி மறுக்கப்பட்டுவிடுமோ என்று அஞ்சும் ஏழையும் பதற்றமாகத்தான் பேசுவார்.

அதே 2010-இல் இந்திய உச்சநீதிமன்றம் செல்வி வழக்கில் அளித்த தீர்ப்பு இங்கு நினைவுகூரத்தக்கது. உண்மை கண்டறியும் சோதனை, மயக்க மருந்துச் சோதனை, மூளை அலைச் சோதனை ஆகியவற்றை ஒருவரது விருப்பமின்றி நடத்துவது அரசியல் சாசனத்தின் 20(3), 21-ஆவது பிரிவுகளுக்கு முரணானது என்று தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையிலான அமர்வு தீர்ப்பளித்தது. மனத்தின் அந்தரங்கம் காக்கப்பட வேண்டும் என்பதே அத்தீர்ப்பின் அடிநாதம். 2019-இல் குரல் மாதிரி அளிக்குமாறு நீதித்துறை நடுவர் உத்தரவிடலாம் என்று உச்சநீதிமன்றம் கூறியது. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 349-ஆவது பிரிவும் அதைச் சட்டமாக்கியுள்ளது. ஆனால், 'இது யாருடைய குரல்' என்று ஒப்பிடுவது வேறு, 'இந்தக் குரலுக்குரியவர் மனத்தில் என்ன இருக்கிறது' என்று கணிப்பது வேறு. முதலாவது கைரேகையைப் போன்றது. இரண்டாவது, செல்வி வழக்கில் மூடப்பட்ட கதவைத் தொலைபேசி வழியே திறப்பதாகும்.

இதற்கெல்லாம் மேலாக ஓர் அடிப்படைக் கேள்வி இருக்கிறது. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் உணர்ச்சிகளை எட்டாக வகுத்ததோடு நிற்கவில்லை. ஒவ்வொன்றும் எந்த நான்கு காரணங்களால் பிறக்கும் என்றும் சொல்கிறது. வெகுளி பிறப்பதற்கு அது கூறும் காரணங்கள், உறுப்புச் சிதைத்தலும் குடியைக் கெடுத்தலும் துன்புறுத்தலும் கொலையும் ஆகும். அதாவது, கோபத்தைக் கண்டால் அதன் பின்னாலுள்ள அநீதியைக் கேட்க வேண்டும். இன்றைய மென்பொருள் 'கோபம்: 87 சதவீதம்' என்பது போன்ற ஒரு முத்திரையுடன் நின்றுவிடும். காரணத்தை அது கேட்காது. ரேஷன் மறுக்கப்பட்டவரின் சினமும், வெறுமனே வம்புக்கு அழைப்பவரின் சினமும் அதன் பட்டியலில் ஒரே வரிசையில் நிற்கும். நியாயமான கோபத்தை இடர்ப்பாடாகக் குறித்துவைக்கும் நிர்வாகம் ஜனநாயகத்துக்கு உகந்ததன்று.

ஐரோப்பிய ஒன்றியம் பணியிடங்களிலும் கல்வி நிலையங்களிலும் உணர்ச்சி கணிக்கும் செயற்கை நுண்ணறிவுக்கு 2025 பிப்ரவரி 2 முதல் தடை விதித்துள்ளது. மருத்துவமும் பாதுகாப்பும் மட்டுமே விதிவிலக்கு. ஆனால், அந்தத் தடையிலும் ஓர் ஓட்டை உண்டு. குரல், முகம் போன்ற உடல்சார் தரவுகளுக்கே அது பொருந்தும், எழுத்தை மட்டும் ஆராயும் மென்பொருளுக்குப் பொருந்தாது. பேச்சு தானாகவே எழுத்தாக மாறிவிடும் காலத்தில், குரலை அழித்துவிட்டு எழுத்தை வைத்துக்கொண்டு தப்பிக்கும் வழி பிறக்கலாம். இந்தியா சட்டம் இயற்றும்போது இதை மனத்தில் கொள்ள வேண்டும்.

மத்திய அரசோ அவசரம் காட்டவில்லை. சென்னை ஐஐடி பேராசிரியர் பி. ரவீந்திரன் தலைமையிலான குழு தயாரித்து 2025 நவம்பரில் வெளியான செயற்கை நுண்ணறிவு நெறிமுறைகள், இப்போதைக்குத் தனிச் சட்டம் தேவையில்லை, இருக்கும் சட்டங்களே போதும் என்ற நிலைப்பாட்டை எடுத்தன. புதுமைக்கு முட்டுக்கட்டை போடக் கூடாது என்ற அதன் கவலை நியாயமானதே. இத்தொழில்நுட்பத்தால் நன்மையே இல்லை என்றும் கூறிவிட முடியாது. 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட 'டெலி-மானஸ்' மனநல உதவி எண்ணான 14416-க்கு வரும் அழைப்புகளில், உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணத்தில் பேசுபவரை அடையாளம் கண்டு ஆலோசகரை உஷார்ப்படுத்தக் கருவி துணை செய்யுமானால் அது வரவேற்கத்தக்கதே. அங்கே கணிப்பு தவறினாலும், கூடுதல் அக்கறையே கிடைக்கும், தண்டனை கிடைக்காது. உதவிக்கா, தண்டனைக்கா என்பதே எல்லைக்கோடாக இருக்க வேண்டும்.

ஆகவே நாடாளுமன்றம் செய்ய வேண்டியவை தெளிவானவை. பணி மதிப்பீடு, மாணவர் மதிப்பீடு, குற்றப் புலனாய்வு, அரசு உதவி மறுப்பு ஆகியவற்றில் குரல் வழியாகவோ, குரலிலிருந்து பெற்ற எழுத்து வழியாகவோ உணர்ச்சியைக் கணிப்பதைச் சட்டம் தடை செய்ய வேண்டும். மற்ற இடங்களில், 'இந்த அழைப்பு பதிவு செய்யப்படலாம்' என்ற வழக்கமான அறிவிப்பு போதாது, உணர்ச்சி கணிக்கப்படுகிறது என்பதை வெளிப்படையாகச் சொல்லி, வேண்டாம் என்பதற்கு வழிவிட வேண்டும். ஒருவரைப் பற்றிய கணிப்பையும், அதற்கு அடிப்படையான ஒலியையும் எழுத்தையும் அவர் கேட்டால் தர வேண்டும். அவர் மறுத்தால் ஒரு மனிதர் அதைப் புதிதாகக் கேட்டு முடிவு செய்ய வேண்டும். அரசு இத்தகைய மென்பொருளை வாங்கும் முன், ஒவ்வோர் இந்திய மொழியிலும் அதன் பிழை விகிதம் என்ன என்பதை வெளியிட்டு, தகவல் தொழில்நுட்பத்துக்கான நாடாளுமன்ற நிலைக்குழுவின் ஆய்வுக்கு வைக்க வேண்டும்.

மறுக்கும் உரிமை மதிக்கப்படாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு வெளிநாட்டு உதாரணம் தேவையில்லை. 2020 செப்டம்பர் 20-இல் மாநிலங்களவையில் இரண்டு வேளாண் மசோதாக்கள் கடும் அமளிக்கிடையே குரல் வாக்கெடுப்பில் நிறைவேறின. வாக்குகளை எண்ணக் கோரியதாக எதிர்க்கட்சிகள் கூறின. கோரியவர்கள் தங்கள் இருக்கைகளில் இல்லை என்பது துணைத் தலைவர் ஹரிவன்ஷ் தந்த விளக்கம். மறுநாள் எட்டு உறுப்பினர்கள் இடைநீக்கம் செய்யப்பட்டனர். தில்லி எல்லையில் விவசாயிகள் ஓராண்டுக்கு மேல் போராடிய பின்னர், 2021 நவம்பரில் அந்தச் சட்டங்கள் திரும்பப் பெறப்பட்டன. எண்ணிப் பார்க்கச் சில நிமிடங்கள் ஆகியிருக்கும். எண்ணாததற்கு நாடு கொடுத்த விலை மிக அதிகம்.

செவியால் அளந்த பெரும்பான்மையை மறுத்து எண்ணச் சொல்லும் உரிமை உறுப்பினருக்கு உண்டு. கருவி அளந்த கோபத்தை மறுத்து, தன் காரணத்தைக் கேட்கச் சொல்லும் உரிமை குடிமகனுக்கும் வேண்டும். அதற்கான சட்டம், இத்தகைய மென்பொருள் அரசு அலுவலகத் தொலைபேசிகளில் குடியேறுவதற்கு முன்னரே வந்துவிட வேண்டும்.